பெரியம்மாவுக்கு வந்தது காமாலை இல்லை

திங்கட்கிழமை, காலை பத்தரை மணி
கடையிலிருந்து

என் பம்பரத்துக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்டுவிட்டு மேலே போவது என் வழக்கம். கேட்பேனே தவிர பதிலுக்கு என்றைக்கும் நின்றதில்லை, அடுத்த வரியிலேயே மெஷின் பெல்ட் அறுந்த கதைக்குப் போய்விடுவேன். இந்தத் தடவை அந்தக் கேள்வியை நிஜமாகவே கேட்கிறேன். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும், நாலாம் பக்கம் வரை சுற்றி வளைத்துவிட்டு இடமில்லை என்று முடித்துவிடுவேன். போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டாயே, நம் குடும்பத்தில் யாருக்காவது மார்பிலோ கர்ப்பப்பையிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருக்கிறதா, டாக்டர் கேட்கிறார் என்று. யாருக்கும் இல்லை என்று சொன்னேன். அது பொய். உன் பெரியம்மாவுக்கு இருந்தது. சினைப்பையில் இருந்தது. அவளுக்கு வந்தது காமாலை இல்லை. நீ உன் டாக்டரிடம் சொன்ன 'இல்லை'யை இப்போதே மாற்றிச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் காத்திருக்கிற பேச்சே வேண்டாம். இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு முதலில் டாக்டருக்குப் போன் போடு, மீதியைப் பிறகு படிக்கலாம்.

போட்டிருக்க மாட்டாய், படித்துக்கொண்டுதான் இருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. சரி, படி, ஆனால் படித்து முடித்ததும் போட வேண்டும். இந்தத் தாள்களையும் பெரியம்மாவின் பழைய ரிப்போர்ட்டையும் அப்பா போனில் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவார், அசல் தபாலில் வரும். அப்பா படித்துவிடுவாரே என்று நினைக்காதே. படிக்கட்டும். இந்த வீட்டில் நாம் மூன்று பேர்தான், இதில் யாருக்கு எதை மறைத்து என்ன கண்டோம்.

அன்றைக்கு ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். கையில் மாவு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து மேஜை மின்விசிறியைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். நீ மார்பு, கர்ப்பப்பை என்று வரிசையாகச் சொல்லச் சொல்ல அவர் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு, "குழாய் சொட்டுதுபோல இருக்கே" என்று எழுந்து உள்ளே போனார். நம் வீட்டுக் குழாய் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொட்டியதே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னேன், "அதெல்லாம் நம்ம குடும்பத்துல யாருக்கும் கிடையாதும்மா, நாங்க எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்" என்று. சொன்ன கையோடு அங்கே மழையா என்று கேட்டேன். நீயும் மழை என்றாய். அதோடு முடிந்தது என்று நினைத்து நிம்மதியாகவும் இருந்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். புதன்கிழமை நீ மறுபடி கூப்பிட்டு, "நீ இல்லைன்னு சொன்னதாலதான்மா டாக்டர், அப்ப அவசரமில்ல, கட்டிய ஆறு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாய் பார், அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. உன் வயிற்றில் ஒரு கட்டி, அதை என் வாய்க் கூச்சத்தை நம்பி ஒரு டாக்டர் ஆறு மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அன்றைக்குப் பிறகு இரண்டு தடவை உனக்குப் போன் போட்டேன். ஒரு தடவை உன் பழைய கோட்டுக்குப் பட்டன் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வைத்தேன். இன்னொரு தடவை என்ன கேட்டேன் என்று எனக்கே நினைவில்லை. போனில் இது என் வாயில் வராது. கையால் எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சினைப்பை என்ற வார்த்தையைப் பழக்கத்துக்காகப் பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளில் ஆறு தடவை எழுதிப் பார்த்தேன். கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற பெண் எட்டிப் பார்த்து, "இது என்னக்கா, புது மாடல் பையா?" என்று கேட்டாள்.

பெரியம்மா கதையைச் சொல்கிறேன். உனக்கு அப்போது பதின்மூன்று வயசு. அவளுக்கு நாற்பத்து மூன்று, எனக்கு முப்பத்தொன்பது. அவளுக்குக் குழந்தை இல்லை என்பதும், அதனால் உன்னைப் பாதி அவள்தான் வளர்த்தாள் என்பதும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அவள் உடம்பைப் பற்றி அவளிடம் யாருமே பேசமாட்டோம் என்பது. கல்யாணமான முதல் பத்து வருஷம் பார்க்கிறவர்கள் எல்லாம் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று கேட்டுக் கேட்டு அவளை நார் நாராகக் கிழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். நாங்களும் அவள் வயிறு என்று ஒன்று இருப்பதையே மறந்த மாதிரி நடந்துகொண்டோம், அதைத்தான் மரியாதை என்று நினைத்தோம். அவள் துணி எல்லாம் நான்தான் தைப்பேன். அந்த வருஷம் ஒரு நாள் கடைக்கு வந்து, பாவாடை இடுப்பு பிடிக்கிறது, கொஞ்சம் விட்டுக்கொடு என்றாள். உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருந்தேன், தையலைப் பிரித்து ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்தேன். ஐந்து வாரத்தில் மறுபடி வந்தாள். இன்னும் ஒன்றரை அங்குலம். மூன்றாவது தடவை பிரிப்பதற்கு உள்ளே துணியே இல்லை, பக்கத்தில் வேறு துண்டு கொடுத்துத் தைக்க வேண்டியிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா. நல்ல செய்தி என்று நினைத்தேன்.

ஆமாம் பம்பரம், என் அக்கா கர்ப்பமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். நாற்பத்து மூன்றில் நடக்காததா, எத்தனையோ பேருக்கு நடந்திருக்கிறது. கேட்டால் கண் பட்டுவிடும், அவளே சொல்லட்டும், இருபது வருஷம் காத்திருந்தவள் இன்னும் ஒரு மாதம் காக்க மாட்டாளா என்று வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். மெல்லிய வெள்ளைத் துணி கால் மீட்டர் எடுத்து வந்து ஒரு குட்டிச் சட்டை வெட்டினேன், கை நீளம் மூன்று அங்குலம், கழுத்துக்கு நாடா. அதை மெஷின் இழுப்பறையில் பாபின் டப்பாவுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். நான் தையல்காரி. ஒருத்தியின் உடம்பு எங்கே ஏறுகிறது எங்கே இறங்குகிறது என்று டேப் என்னிடம் சொல்லிவிடும். அளவு நோட்டில் அவள் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்த்தேன், இடுப்பு முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்து நாலரை, முப்பத்தேழு. அதே பக்கத்தில் கைச்சுற்று பதினொன்று, பத்தரை, ஒன்பதரை. பிள்ளைத்தாச்சிக்கு வயிறு ஏறும்போது கை இப்படி இளைக்காது. என் கையெழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். வயிற்றுப் பக்கம் துணி கொடுத்துவிட்டு, கைப் பக்கம் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், சட்டை அவளுக்கு அழகாக உட்கார்ந்தது. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும், மசக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றிலிருந்து நீர் எடுத்த அன்று நானும் அவளும் தனியாக இருந்தோம். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்டி, அதான் டாக்டர்கிட்ட வரல, இந்த வயசுல வெட்கமா இருந்துச்சு, நாள் தள்ளினதும் நானே கணக்குப் போட்டுக்கிட்டேன்" என்றாள். நானும் அப்படித்தான் நினைச்சேன் அக்கா என்றேன். அந்த ஒரே ஒரு தடவைதான் நாங்கள் அக்கா தங்கச்சி அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். முதல் தடவை அவள் பாவாடையோடு வந்தபோதே, வலிக்கிறதா அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். வலி இருந்திருக்கிறது. கீழ் வயிற்றில், இடது பக்கம், ஏழு மாதமாக. நான் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது, அதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் கேட்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அந்தக் குட்டிச் சட்டையை ஒருத்தருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. தையலைப் பிரித்துப்போட்டு மெஷினுக்கு எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டேன், அது கிழிந்து போகிற வரைக்கும் துடைத்தேன்.

கடைசியில் ஈரல் வரைக்கும் பரவி அவள் கண் மஞ்சளானது. அதைப் பிடித்துக்கொண்டோம். பெரியப்பாதான் முதலில் காமாலை என்று சொன்னார், நான் ஆமாம் போட்டேன். பிள்ளை பெறாத வயிற்றில் கட்டி வந்தது என்று பேசி இன்னும் நாலு வார்த்தை கூடச் சொல்வார்கள் என்று அவருக்குப் பயம். எனக்கு உன்னைப் பற்றிப் பயம். வளர்கிற பெண் இருக்கிற வீடு, நாளைக்கு உன்னைப் பார்க்க வருகிறவர்கள் இந்தக் குடும்பத்துப் பெண்களுக்கு இப்படி ஒரு வியாதி என்று யோசிப்பார்கள் என்று நினைத்தேன். உன் கல்யாணத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உன் உயிரோடு விளையாடியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கக்கூட இன்னும் நேரம் வரவில்லை, முதலில் உன் வேலை முடியட்டும்.

அதே வருஷம்தான் நீயும் பெரியவளானாய். நான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டலத்தை உன் கையில் கொடுத்து, மாதா மாதம் வரும், பயப்படாதே, அப்பாவிடம் சொல்லாதே, கறை படாமல் பார்த்துக்கொள் என்று நாலு வாக்கியம் சொன்னேன். அதில் இரண்டு மறைப்பதைப் பற்றி. நீ, "வலிக்குதும்மா" என்றாய், "எல்லாருக்கும் அப்படித்தான், சும்மா இரு" என்றேன். நீ சும்மாவே இருந்துவிட்டாய், இருபது வருஷம். பரீட்சைக்கு நடுவில் மயங்கி விழுந்தபோதுகூட காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி உன்னைக் கூட்டி வந்தேன். கல்யாணம் பண்ணி அனுப்பின பிறகு இந்த ஐந்து வருஷத்தில் உன் வயிற்றைப் பற்றி நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று, "விசேஷம் ஏதாவது உண்டா?" ஒவ்வொரு ஞாயிறும் கேட்டிருக்கிறேன். என் அக்காவைக் கிழித்த அதே கேள்வியை உன்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். நீ இல்லம்மா என்பாய், உன் குரல் கொஞ்சம் இறங்கும், நான் அடுத்த ஞாயிறு மறுபடி கேட்பேன். இனிமேல் கேட்கமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மாமியார் கேட்டால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அக்காவின் ஆஸ்பத்திரி ஃபைல் வேண்டும் என்றேன். "இருபது வருஷம் கழிச்சு எதுக்கும்மா போனவளைக் கிளறுறே, அவ பேரு கெடணுமா?" என்றார். வியாதி வந்தால் பேர் எப்படி அத்தான் கெடும், பல் வலி வந்தால் கெடுகிறதா என்று கேட்டேன். அவர் டீ போட எழுந்து போனார். டீ வந்தது, குடித்தேன். பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசினார், கேட்டுக்கொண்டேன். லிஃப்ட் ரிப்பேராகிக் கிடப்பதைப் பற்றிப் பேசினார், அதையும் கேட்டேன். நேரமாகலையா என்றார். இல்லை அத்தான், ஃபைல் வந்ததும் கிளம்பிவிடுவேன், நாளைக்கு வேண்டுமானாலும் டிபனுக்கு இங்கேயே இருக்கிறேன் என்றேன். என் பிடிவாதம் அவருக்குத் தெரியும். கடைசியில் நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேலே இருந்த பெட்டியை இறக்கினார், எழுபது வயசு மனிதர், நான் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டேன். ஃபைலை அவர் ஒரு தடவைகூடப் பிரித்ததில்லையாம். நான் பிரித்துப் படித்தேன், இரண்டாவது பக்கத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, எந்த வகை, எந்தக் கட்டம், என்ன தேதி. நான் படித்து முடிக்கிற வரை அவர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். பிறகு, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா இருந்திருப்பாளா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது அத்தான் என்றேன். உன் பெயரைச் சொல்லி உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார், சொன்னேன். ஃபைல் மொத்தத்தையும் என் பையில் அவரே வைத்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் மூன்று மாடி இறங்கி வந்து ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை நான் பெண்கள் டாக்டரிடம் போனேன். உன்னைப் பெற்ற பிறகு அந்த மாதிரி டாக்டரிடம் நான் போனதே இல்லை. காலையில் கடையில் இரண்டு பேர் அளவு கொடுக்க வந்திருந்தார்கள், அவர்களிடம் பல் டாக்டரிடம் போகிறேன், சாயங்காலம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் போனேன். போன இடத்தில் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. திரும்பி வந்து, பல் டாக்டர் இல்லை, கர்ப்பப்பை சினைப்பை எல்லாம் பார்க்கிற டாக்டர், என் அக்காவுக்குப் புற்றுநோய் இருந்தது, அதனால் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று அங்கேயே நின்று சொன்னேன். காஜா எடுக்கிற பெண் ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது அந்த இரண்டு பேரில் ஒருத்தி, பள்ளிக்கூட டீச்சர், திரைக்குப் பின்னால் அளவு கொடுக்கும்போது, "அக்கா, எனக்கு மாசத்துல பதினஞ்சு நாள் போகுது, யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றாள். நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்த டாக்டர் முகவரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருஷமாக அந்தத் திரைக்குப் பின்னால் நின்று பெண்களை அளந்திருக்கிறேன், இப்படி ஒருத்தியோடு பேசியது இதுதான் முதல்.

டாக்டரிடம் அப்பாவும் வந்தார், அதைச் சொல்ல மறந்துவிட்டேனே. வெள்ளிக்கிழமையே அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், குழாயைப் பார்க்கப் போகாமல் இருக்கச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். அவர் முழுசாகக் கேட்டார். பிறகு, "எனக்கும் காமாலைன்னுதானே சொன்னே" என்றார். அவரிடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. டாக்டர் வீட்டு வாசல் அறையில் சுற்றிலும் பெண்கள், இவர் ஒருத்தர்தான் ஆண்பிள்ளை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் இருந்த கர்ப்பப்பைப் படத்தையே முக்கால் மணி நேரம் பார்த்திருக்கிறார். லிஃப்ட் ரிப்பேர் பண்ணி முப்பது வருஷம் வயரிங் படம் படித்த மனிதர் இல்லையா, அதையும் அப்படியே படித்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "அது இவ்வளவுதான் இருக்கும்னு எனக்குத் தெரியாது, இவ்வளவு சின்னதை வெச்சுக்கிட்டா இத்தனை பாடு" என்று கையை மடக்கிக் காட்டினார், சத்தமாக வேறு சொன்னார். முன் சீட்டில் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன். இப்போது அவர் உனக்குக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறார், டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று, அதையும் படம் எடுத்து அனுப்புவார், பொறுமையாகப் படி, சிலது லிஃப்டுக்குத்தான் பொருந்தும்.

என் சினைப்பைகள் சுருங்கிச் சமர்த்தாக இருக்கின்றனவாம், ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வியாதி குடும்பத்தில் வழிவழியாக வருகிற வகையா என்று பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறதாம், என் கூடப் பிறந்தவளுக்கு வந்ததால் முதலில் நான் கொடுப்பது நல்லது என்று டாக்டர் சொன்னார், கொடுத்துவிட்டேன். மூன்று வாரத்தில் தெரியும். எதுவாக வந்தாலும் வந்த அன்றைக்கே உனக்குச் சொல்வேன். உன் டாக்டர் என்னைப் பற்றிக் கேட்டால் சொல்ல வேண்டியதையும் எழுதுகிறேன், எழுதி வைத்துக்கொள். எனக்கு மாதவிடாய் பன்னிரண்டு வயசில் ஆரம்பித்தது, நாற்பத்தெட்டில் நின்றது. நின்றதற்கு முந்தின மூன்று வருஷம் கொட்டு கொட்டென்று கொட்டியது, கடையில் நாற்காலியில் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு முன்னால் எனக்கு இரண்டு கரு கலைந்திருக்கிறது, ஒன்று இரண்டாம் மாதம், இன்னொன்று நாலாம் மாதம். இது உனக்குத் தெரியாது. நீ வந்து சேர்கிற வரை நானும் ஒவ்வொரு மாதமும் பயந்துகொண்டுதான் இருந்தேன். நீயும் இந்த ஐந்து வருஷத்தில் அப்படி ஏதாவது பட்டு என்னிடம் சொல்லாமல் இருந்திருந்தால், சொல்லு. சொல்லலாம் என்று உனக்குத் தோன்றுகிற மாதிரி நான் இதுவரை நடந்துகொள்ளவில்லை, அதனால் உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

இப்போது செய்ய வேண்டியது. டாக்டருக்குப் போன் போட்டு, அம்மாவின் அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயதில் சினைப்பைப் புற்றுநோய், ரிப்போர்ட் இருக்கிறது என்று சொல். ஆறு மாதம் என்றவர் இதைக் கேட்ட பிறகும் ஆறு மாதம்தான் என்று சொன்னால், ஏன் என்று கேள், பதில் புரிகிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே, பெரியப்பா வீட்டில் உன் அம்மா உட்கார்ந்த மாதிரி உட்கார். நீர்க்கட்டி பெரும்பாலும் ஒன்றும் செய்யாதாம், என் டாக்டரும் அதைத்தான் சொன்னார், உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பயம் எனக்கு இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும். தேவைப்பட்டால் கடையைப் பூட்டிவிட்டு நானும் வருவேன், பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி பார்த்தாயிற்று, இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, அவர் ஏதாவது குழாயைப் பார்க்க எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வை. வேளைக்குச் சாப்பிடு, வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்காதே, அந்தத் திறமையை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்தான், அதை மறந்துவிடு.

நீ நூறு வயசு, நோய் நொடி இல்லாமல், நீ நினைத்தபடி வாழ வேண்டும். பெரியம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, அவள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை இருபது வருஷம் முன்னாலேயே என்னை எழுத வைத்திருப்பாள். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

பதில் எழுதும்போது வேறு எதையும் எழுதாவிட்டாலும் இதை மட்டும் எழுது. உன் தோள் பதினாலே கால் அங்குலம், வலது தோள் இடதைவிட ஒரு நூல் இறக்கம், கண்ணை மூடிக்கொண்டு உனக்கு நான் துணி வெட்டுவேன். ஆனால் உனக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன், எந்தப் பக்கம் வலிக்கிறது? எவ்வளவு நாளாக?

பதிலுக்குக் காத்துக்கொண்டு,
உன் அம்மா